மச்சு ஜன்னலில் தெரியும் கை

அந்தக் கை உள்மனம் என்று உங்கள் சானலில் சொன்னீர்களே அம்மா, அதுதான் சரி. அதை மாற்றாதீர்கள். உங்களை இவ்வளவு தூரம் வரச் சொன்னது அதற்காகத்தான்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பஸ்ஸில் இடம் கிடைத்ததா? திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் ஒரு மணி நேரம்தான், நின்றுகொண்டு வந்தால் இரண்டு மணி நேரம் மாதிரி இருக்கும். செண்பகம் காப்பி கொண்டுவருவாள். செண்பகம் என் மனைவி. அதிகம் பேசமாட்டாள். நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம்.

என் பெயர் பிரமநாயகம். முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதினேன். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே எனக்கு ஒரு மேஜை உண்டு. வீடு விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்கள். பத்திரத்தில் ஒரு சொல் ஒரு பொருளைத்தான் குறிக்க வேண்டும் அம்மா. வடக்கே ஆறுமுகத்தின் சுவர் என்று எழுதினால் வடக்கே ஆறுமுகத்தின் சுவர் இருக்க வேண்டும். அந்தச் சுவர் மனிதனின் தனிமையைக் குறிக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப் பழகியவன் நான். என்னைப் போய் ஒரு ராக் பாட்டுக்கு விளக்கம் தேடி அலையும்படி செய்துவிட்டார்கள்.

இந்தத் தெருவில் பழைய வீடுகள் நிறைய. படம் எடுக்கிறவர்கள் அடிக்கடி வருவார்கள். எதிர்வீட்டு நல்லசிவத்தின் வீட்டில் மூன்று தடவை படப்பிடிப்பு நடந்துவிட்டது. மூன்று தடவையும் அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம், "சத்தம் போடாமப் போங்கவே, டேக் போகுது" என்று அதட்டிக்கொண்டிருந்தான். நம் வீட்டை ஒருவரும் கேட்டதில்லை. ஆகையால், போன மாசியில் சென்னையிலிருந்து 'இரும்புச் சேவல்' என்ற ராக் பாட்டுக் குழுவினர் வந்து கேட்டபோது நான் சரி என்றேன். ராக் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பக்திப் பாட்டு இல்லை என்பது மட்டும் அவர்கள் தலைமுடியிலேயே தெரிந்தது.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். இரண்டு பக்கம். கூடம், முற்றம், வாசல், வீட்டின் முகப்பு ஆகிய இடங்களில் மூன்று நாள் படம் எடுத்துக்கொள்ளலாம். மாடியில் உள்ள மச்சு அறைக்குள் யாரும் நுழையக் கூடாது. தெளிவாக எழுதினேன். ஆனால் வீட்டின் முகப்பு என்று எழுதியபோது, மச்சு அறையின் ஜன்னல் அந்த முகப்பில்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஊரில் எத்தனை பேர் வீட்டுக்கு நான்கெல்லை எழுதியிருக்கிறேன். என் சொந்த வீட்டு எல்லையில் கோட்டைவிட்டேன். நல்லசிவத்திடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பாட்டின் பெயர் 'சாம்பல் வெயில்'. உங்களுக்குத் தெரியும். ஆறு நிமிஷப் பாட்டு. அதில் நான்கு நிமிஷம் சத்தம், ஒரு நிமிஷம் அழுகை, மீதிதான் வார்த்தை. பாடுகிற பெண் ரெபேக்கா. தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். என்னை அங்கிள் அங்கிள் என்பாள். மரியாதையான பெண் என்று நினைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்திரையில் பாட்டு வெளியே வந்தது. வந்த நாலாம் நாள், சேலத்தில் ஒரு தம்பி அதற்கு விளக்கம் சொல்லி நாற்பது நிமிஷம் பேசியிருந்தான். ஆறு நிமிஷப் பாட்டுக்கு நாற்பது நிமிஷம். நல்லசிவத்தின் மருமகன் கைபேசியில் காட்டினான். பாட்டில் எங்கள் கூடத்தில் ஒரு நாற்காலி தலைகீழாகத் தொங்குகிறது இல்லையா? அது அதிகாரம் கவிழ்வதைக் குறிக்கிறதாம். அம்மா, அதைத் தொங்கவிட்ட பையனிடம் நானே கேட்டேன். "ஏன் தம்பி தலைகீழா மாட்டுதீங்க?" "சும்மா சார், ஒரு ஃபீலுக்கு." அவ்வளவுதான்.

முற்றம் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிறதே, அது செண்பகம் காயப்போட்ட மிளகாய் வத்தல். மாசி வெயிலில் வத்தல் போடாமல் வேறு என்ன போடுவார்கள்? ஒரு கல்லூரிப் பேராசிரியை அதைப் பெண்களின் அடக்கிய கோபம் என்று எழுதியிருந்தார். நான் அடுப்படிக்குப் போய், "ஏட்டி, உன் வத்தல் கோபமாம், தெரியுமா?" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு அந்த நீல வாளி. முற்றத்தைப் பார்த்து மச்சுக்கு ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. வாளி நுழையும், ஆள் நுழைய முடியாது. பாட்டின் நடுவில் ஒரு நீல வாளி கயிற்றில் மெதுவாக மேலே ஏறும். மலேசியாவிலிருந்து ஒருவர், அது பூமியை விட்டு மேலே போகிற ஆன்மா என்று சொல்லியிருந்தார். அதன் கீழே எண்ணூறு பேர், ஆமாம் ஆமாம், கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அதில் இருந்தது ரசம் சாதமும் ஒரு அப்பளமும் அம்மா.

ஏன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்கிறீர்களா? செண்பகத்துக்கு முழங்கால் வலி. மாடிப்படி செங்குத்து. அப்புறம் கதவை வேளைக்கு வேளை திறந்து மூட வேண்டும். இங்கே குரங்குத் தொல்லை அதிகம்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. என் வீட்டு வாளியைப் பற்றி மலேசியாவில் பேசுகிறார்கள். நல்லசிவத்தின் வீட்டில் மூன்று படம் எடுத்தார்கள். அவன் வாளியைப் பற்றி யார் பேசினார்கள்?

இனி அந்தக் கை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது நிமிஷம் நாற்பத்தொன்றாவது விநாடி. ரெபேக்கா வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். கேமரா அப்படியே மேலே போகிறது. மச்சு ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை. கை மட்டும்தான். ஜன்னல் கட்டையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதைப் பற்றிச் சொன்னதை நான் நான்கு தடவை கேட்டேன். கீழே கத்துகிறவள் வெளிமனம், மேலே அமைதியாகத் தாளம் போடுவது அவளுடைய உள்மனம், வெளியே வர வழி தெரியாமல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறது என்றீர்கள். நல்ல விளக்கம். கௌரவமான விளக்கம். சேலத்துத் தம்பி அதைப் பேய் என்றான். எங்கள் வீட்டில் பேய் இருந்தால் நாளைக்கு யார் வாங்குவார்கள்? நீங்கள் சொன்னதுதான் யாருக்கும் கெடுதல் இல்லாதது.

அது குறியீடாக இருந்தவரை எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை அம்மா. எதை வேண்டுமானாலும் குறிக்கட்டும். ஆன்மாவாக இருக்கட்டும், அகிலமாக இருக்கட்டும். ரெபேக்காதான் கெடுத்தாள். போன மாதம் ஒரு பேட்டியில் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்கிறாள், "அந்தக் கைக்கு என்ன அர்த்தம்னு எல்லாரும் கேக்குறீங்க. அது நாங்க வச்சது இல்லை. அதுக்கு அர்த்தம் இல்லைங்க. அது ஆள்."

என் வீட்டில் மூன்று நாள் காப்பி குடித்த பெண் இப்படிப் பேசலாமா?

ஆமாம், என் தங்கை. அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பெயர் ஆவுடை. உடம்பு சரியில்லாதவள். மச்சில் இருக்கிறாள். ரெபேக்கா முதல் நாளே கேட்டாள், "மேல யாரு அங்கிள்?" நான் சொன்னேன், "என் தங்கச்சி. சுகமில்லாதவ." அவள் அண்ணாந்து பார்த்து, "தாளம் பிசகாமப் போடுறாங்களே. எங்க டிரம்மர் நேத்து ரெண்டு இடத்துல விட்டான்" என்றாள். அந்த டிரம்மர் பையனும் மேலே பார்த்துக் கும்பிட்டான். பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், படம் எடுத்து முடித்து எல்லோரும் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெபேக்கா ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, பக்கவாத்தியம் ஒன்றும் இல்லாமல் அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினாள். பாடிவிட்டு நிறுத்தினாள். மேலேயிருந்து ஆவுடை இரண்டாவது வரியைப் பாடினாள். மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள் அல்லவா, பாடமாகியிருக்கிறது. இவள் ஒரு வரி, அவள் ஒரு வரி. தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அடுப்படியில் செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தாங்க, அவ பாடுதா" என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

பேட்டி வந்த பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தூத்துக்குடி, மதுரை, ஒரு தடவை பாலக்காட்டிலிருந்தும் நான்கு பேர். வாசலில் நின்று கை தட்டுவார்கள். மேலேயிருந்து இவளும் தட்டுவாள். அவர்கள் மூன்று தட்டினால் இவள் மூன்று. அவர்கள் ஏழு தட்டினால் இவள் ஏழு. கணக்கு டீச்சர் இல்லையா. நான் ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அடித்த மறுநாளே சேலத்துத் தம்பி, ஜன்னல் மூடப்பட்டது, இரண்டாம் பாகத்துக்கான அறிவிப்பு இது என்று சொல்லிவிட்டான்.

டீச்சர்தான். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷம் கணக்கு எடுத்தாள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கல்யாணம் அமையவில்லை. எங்கள் அப்பா இறந்தபோது வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நான் விடுதலைப் பத்திரம் தயாராக எழுதி வைத்திருந்தேன். வீட்டில் தனக்குள்ள பங்கைத் தங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருகிற பத்திரம். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். நான் நூறு குடும்பத்துக்கு எழுதியிருப்பேன். நூறு தங்கைகளும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தியும் வாசித்துப் பார்த்ததில்லை. இவள் வாசித்தாள்.

வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல என் பங்கை மனப்பூர்வமா விட்டுத் தாரேன்னு எழுதியிருக்கு. என் மனசை நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்குப் புத்தி சரியில்லை என்று.

டாக்டரா? டாக்டருக்கு இவளை எத்தனை நாளாகத் தெரியும் அம்மா? எனக்கு நாற்பத்துமூன்று வருஷமாகத் தெரியும். அவள் பாதி வீடு வேண்டும் என்றாள். இந்த வீட்டை எப்படிப் பாதியாக்குவது? கூடத்தில் சுவர் எழுப்புவதா? கோபத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். வக்கீலைப் பார்க்கப் போகிறாளாம். நான் போய் அழைத்துவந்தேன். அழைத்துவந்தேன் என்றால், கையைப் பிடித்துத்தான். கொஞ்சம் இழுத்திருப்பேன். ஊரே பார்த்தது. அவளுக்கு எவ்வளவு அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அவமானம் இன்னொரு தடவை அவளுக்கு வரக்கூடாது என்றுதான் நான் அவளை வெளியே விடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு ராஜினாமாக் கடிதமும் நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம். தலைமையாசிரியர் பாராட்டினார்.

அதே வாரத்தில்தான் குரங்குகள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டன. ஆகவே மச்சுக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன்.

என்ன? குரங்கு உள்ளே வராமலிருக்க உள்பக்கம் அல்லவா தாழ்ப்பாள் வேண்டும் என்கிறீர்களா?

பத்திரம் எழுதுகிறவனுக்குத் தச்சுவேலை என்ன தெரியும் அம்மா. இந்த ஆவணி வந்தால் ஆறு வருஷம். இத்தனை நாளில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. குளிப்பதற்கு மேலேயே தடுப்புக் கட்டிக் கொடுத்தேன். மின்விசிறி இருக்கிறது. மூன்று வேளையும் வாளி போகிறது. தீபாவளிக்குப் புடவை போகிறது. பத்திரமும் வருஷத்துக்கு ஒரு தடவை போகிறது. தேதியை மட்டும் மாற்றி எழுதி, பேனாவோடு சேர்த்து வைத்து அனுப்புவேன். கையெழுத்து இல்லாமல் திரும்பி வரும். நான் ஒரு நாளும் அதற்காக அவளைத் திட்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வருகிறார்கள். யாரோ மனு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ரெபேக்காவாக இருக்கலாம். நல்லசிவமாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால், இன்றைக்கே, நீங்கள் உங்கள் சானலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நேரில் போய்ப் பார்த்தேன், அந்தக் கை ஒரு குறியீடுதான், பாடுகிறவளின் உள்மனம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று. உங்களை மூன்று லட்சம் பேர் கேட்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் அம்மாவும் கேட்கலாம். என் பேச்சை யார் நம்புவார்கள்? நான் அண்ணன். நீங்கள் அர்த்தம் சொல்லத் தெரிந்தவர்கள்.

காப்பி ஆறுகிறது. குடியுங்கள்.

மேலே போய் அவளைப் பார்க்க வேண்டுமா?

பார்க்கலாம். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். காலையிலேயே ஏற்பாடு செய்துவிட்டேன். வாளியில் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பினேன். அவள் அதை உங்கள் கேமரா முன்னால் வாசித்தால் போதும். நகல் இதோ. 'பிரமநாயகத்தின் உடன்பிறந்த சகோதரி ஆவுடையாகிய நான், சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும், என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில் மேற்படி வீட்டின் மச்சு அறையில் வசித்து வருகிறேன்.' எப்படி? ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரே வார்த்தையில் சம்மதித்துவிட்டாள் அம்மா. எனக்கே ஆச்சரியம். திறப்பு வழியாக, "சரி அண்ணாச்சி, அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். நல்ல புடவை ஒன்று வேண்டும் என்றாள். செண்பகம் தன்னுடைய பச்சைப் புடவையை அனுப்பினாள். பாருங்கள், பொறுமையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

வாருங்கள். தலை இடிக்கும், குனிந்து வாருங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். செண்பகம், நீ எதற்கு வருகிறாய்? உனக்கு முழங்கால். நீ கீழேயே இரு. வாசல் கதவைப் பார்த்துக்கொள்.

ஒரு நிமிஷம். தாழ்ப்பாள் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது. இப்படித் தூக்கி இழுக்க வேண்டும். வந்துவிட்டது.

ஆவுடை, இந்த அம்மாதான் நான் சொன்னது. சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். உன் கையைப் பற்றி நல்லபடியாகப் பேசியவர்கள். அந்தக் காகிதத்தை எடுத்து வாசி.

ஆவுடை, காகிதம்.

அம்மா, கேமராவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அவள் தண்ணீர் குடிக்கப் போகிறாள் போலிருக்கிறது. ஆவுடை, எங்கே போகிறாய்? படி செங்குத்து. கயிற்றைப் பிடித்து இறங்கு. உனக்கு இறங்கிப் பழக்கம் விட்டுப்போயிற்று. அம்மா, கொஞ்சம் வழிவிடுங்கள், நான் முன்னால் போகிறேன். வழிவிடுங்கள் அம்மா. இப்படிப் படியை அடைத்துக்கொண்டு நின்றால் நான் எப்படி இறங்குவது?

செண்பகம். செண்பகம், வாசல் கதவைச் சாத்து.

சாத்தச் சொன்னால் அகலத் திறக்கிறாள், பாருங்கள். உனக்கும் புத்தி போய்விட்டதா? இரண்டு கதவையும் எதற்குத் திறக்கிறாய்? ஆவுடை, கொஞ்சம் நில். வெயில் கொதிக்கிறது. வெறுங்காலோடு எங்கே போவாய்? உனக்குத்தான் செருப்பே இல்லையே. வீட்டுக்குள் இருப்பவளுக்குச் செருப்பு எதற்கு என்று நான் வாங்கவில்லை.

ஆவுடை, அது உன்னுடையது இல்லை. அந்தச் செருப்பு இந்த அம்மாவுடையது. கழற்று.

அம்மா, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் செருப்புத்தானே? உங்கள் பேச்சைக் கேட்பாள். தெருவில் இறங்கிவிட்டாள், நல்லசிவம் பார்க்கிறான், சீக்கிரம் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டால், நீங்கள் எதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவீர்கள்?